இரண்டே இருக்கைகள்



நெய்வேலி நகரியத்திலிருந்து இளைஞர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் பணிபுரிந்து அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர். வீட்டில் இதுவரை ஸ்கூட்டர் மட்டுமே உண்டு. இளைஞர் தம் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு தொகை வைத்திருக்கிறார். இந்த நேரத்தில் பெங்களூரில் 'சான் ஸ்டார்ம்' என்னும் பழைய கார் விலைக்கு வந்துள்ளதாம். சிவப்பு நிறம், மேற்கூரையை மடித்துவிடலாம், இருவர் மட்டுமே அமரலாம். புதிய சிறு காரின் விலையில் பாதிகூட ஆகாது என்கிறார். "வாங்கலாமா? நன்மை தீமைகளை விளக்கி எழுதுங்கள்" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், "அம்மா மட்டும் 'இதில் நான் எங்கே உட்காருவது?' என்று கேட்கிறார்கள்" எனச் சேர்த்திருக்கிறார்.

அந்த அம்மையாரின் கேள்விக்குப் பின்னர் வருவோம். முதலில் வண்டியைப் பார்ப்போம். இப்படி ஒரு கார் நம் நாட்டில் இருந்ததையே பலர் அறியமாட்டார்கள்.

சான்ட்ரோ, மாட்டிஸ், இண்டிகா ஆகிய சிறு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, மாருதி 800-இன் தனியாட்சி அசையத் தொடங்கிய ஆண்டு 1998. அதே ஆண்டில்தான் பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் என்னும் சிறு நிறுவனம் இந்த ஸ்டார்மைக் கொண்டுவந்தது. வடிவமைப்பில் பிரெஞ்சுக்காரர்களின் கை இருந்தது. எஞ்சினும் பிரான்சின் ரெனோ நிறுவனத்தினுடையது: 1149 சி.சி., ஏறத்தாழ 60 குதிரைத்திறன். உடல் முழுவதும் இரும்புத் தகடு அன்று, ஃபைபர். பெரிய நிறுவனங்கள் ஐந்து பேர் அமரும் காரை எப்படி மலிவாகத் தருவது என்று மோதிக்கொண்டிருந்தபோது, இருவர் மட்டுமே அமரும் திறந்த காரை விற்க முனைந்தது துணிச்சல்தான். வாங்கியவர்கள் சிலரே. இன்று அது உற்பத்தியில் இல்லை.

60 குதிரைத்திறன் என்றதும் இன்றைய இளைஞர்கள் உதட்டைப் பிதுக்கக்கூடும். அன்றைய மாருதி 800 தந்தது 40 அளவில்தான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உடல் இலேசானதாயின், சிறிய எஞ்சினும் சுறுசுறுப்பாக இழுக்கும். தாழ்வான இருக்கையில், தலைக்குமேல் வானம் தெரிய அமர்ந்து போகையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமே 100 போலத் தோன்றும். என் கருத்தில் இவ்வகைக் காரின் முதற்சிறப்பு இதுவே. சட்டம் அனுமதிக்கும் வேகத்திற்குள்ளேயே ஓட்டுபவருக்கு நிறைவு கிடைத்துவிடுகிறது. 200 குதிரைத்திறன் கொண்ட காரை வாங்கியவர் அதன் சுவையை அறிய வேண்டுமானால், பிறர் உயிரைப் பணயம் வைத்தாக வேண்டும்.

குடும்பக் காரின் உறுப்புகளை எடுத்து, அவற்றின்மீது அழகிய சிறு உடலைப் பொருத்தி, எளியவர்க்கும் எட்டும் விலையில் விளையாட்டுக் கார் செய்வது பழைய வழக்கம். இதில் நம் சென்னைக்கும் ஒரு தொலைதூர உறவு உண்டு. 1960-களில் நம் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை உருவாக்கியது. அதன் மூலமான பிரிட்டிஷ் டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே உறுப்புகளைக் கொண்டு 1962-இல் பிரிட்டனில் செய்யப்பட்டதே 'ஸ்பிட்ஃபயர்' என்னும் புகழ்பெற்ற இரு இருக்கைக் கார். இரண்டுக்கும் உருவம் தந்தவர் மிக்கெலோட்டி என்னும் ஒரே இத்தாலியர். நம்மூர் மருத்துவரும் வழக்கறிஞரும் ஹெரால்டில் சென்றபோது, அதன் உடன்பிறப்பில் இலண்டன் இளைஞர்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வழக்கத்தின் பயன் யாதெனில், எஞ்சினும் கியர் பெட்டியும் பல இலட்சம் குடும்பக் கார்களில் ஓடுபவையாக இருப்பதால், தயாரித்த நிறுவனம் மறைந்தாலும் உறுப்புகள் கிடைத்துக்கொண்டிருக்கும். ஸ்டார்முக்கும் இது ஓரளவு பொருந்தும். அதன் எஞ்சின் பிரான்சில் டுவிங்கோ, கிளியோ முதலான சிறு கார்களில் ஓடிய எஞ்சின்தான். ஆனால் இந்தியாவில் அந்த எஞ்சினுடன் வேறு எந்தக் காரும் பெருவாரியாக விற்கப்படவில்லை. ரெனோ நிறுவனம் பிற்காலத்தில் இங்கே வந்து லோகன், டஸ்டர், க்விட் என்று விற்றபோதும் அவற்றில் இருந்தவை வேறு எஞ்சின்கள். ஆகவே கடலூரிலோ விருத்தாசலத்திலோ உதிரிபாகக் கடையில் போய்க் கேட்டால், கடைக்காரர் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

எனினும் நெய்வேலி வாசகருக்கு ஒரு வசதி உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் ஏராளம். பாரிஸ் நகரில் வாழும் மாமனோ மச்சானோ இல்லாத தெருவைக் காண்பது அரிது. விடுமுறைக்கு வருபவரின் பெட்டியில் வாசனைத் திரவியத்தோடு ஒரு டைமிங் பெல்ட்டும், எண்ணெய்ச் சீல்களும், தண்ணீர்ப் பம்பும் வந்துசேர இடமுண்டு. உறுப்பு எண்ணைத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். 'கிளியோவுக்கு உரியது' என்று மட்டும் எழுதினால் வேறொன்று வந்து சேரும்.

எஞ்சின் கதை இவ்வாறு. கண்ணாடி, கதவு, கூரையின் சட்டம், முன் விளக்கின் கூடு ஆகியவற்றின் கதை வேறு. அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்டவற்றை இன்று யாரும் செய்வதில்லை. ஒரு முன்கண்ணாடி உடைந்தால் அதே வளைவில் இன்னொன்று தேட மாதங்கள் ஆகலாம். வாங்க விரும்புவோர் பெரும்பாலும் எஞ்சினைத்தான் முடுக்கிக் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது, "கூரைத் துணியும் முன்கண்ணாடியும் நன்றாக இருக்கின்றனவா?" என்பதையே.

இவ்விடத்தில் ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டும். 1989-இல் வெளிவந்த இந்த இரு இருக்கைக் கார், 2016-இல் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்டது. முதல் தலைமுறை வண்டிகள் முதுமையடைந்ததும், மாஸ்டா நிறுவனமே 2017-இல் ஜப்பானில் அவற்றைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன உறுப்புகள் சிலவற்றை மீண்டும் செய்யத் தொடங்கியது. அந்தக் காருக்கு நம் ஸ்டார்மைவிட வயது அதிகம். ஆனாலும் அதை நம்பி வாங்கலாம், கேட்க ஆளுண்டு. ஒரு காருக்கு வயதாவது பெருங்குறை அன்று, அநாதையாவதே குறை. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1980-களின் இறுதியில் மூடப்பட்டபின், 'ஸ்டாண்டர்டு 2000' வாங்கியவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். (அந்த எம்.எக்ஸ்-5-ஐயே வாங்கி வரலாமே என்று யாரும் எழுதவேண்டாம். பழைய காரை இறக்குமதி செய்ய நம் நாட்டில் மூன்றாண்டு வயது வரம்பும் பெருஞ்சுங்கமும் உண்டு.)

முதிர்ந்த எந்திரத்தைப் பேணுவது எப்படி என்று நெய்வேலிக்காரர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சோவியத் உதவியுடன் அமைந்து 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. சுரங்கத்தில் ஜெர்மானிய பக்கெட் வீல் எந்திரங்களின் பற்கள் கடலூர் மணற்பாறையில் மோதித் தேய்ந்ததும், அவற்றை மாற்றிப் பூட்டியே வேலை நடந்ததும் அங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த செய்தி. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று தெருவுக்கு நான்கு பேர் இருக்கும் ஊர் அது. கடிதம் எழுதிய தம்பியின் அத்தாவே அப்படி ஒருவராக இருக்கக்கூடும். பழைய ஸ்டார்மை வைத்துக்கொள்ள வேறெந்த ஊரையும்விட நெய்வேலி தகுதியானது என்றே சொல்வேன். ஆனால் சுரங்கத்தில் உதிரிபாகக் கிடங்கும் அதற்கொரு கணக்கரும் உண்டு. வீட்டில் அந்த இரண்டும் நீங்களே.

ஃபைபர் உடலைப் பற்றி அவர் தனியாக ஐயம் எழுப்பியிருந்தார். அது துருப்பிடிக்காது. கடற்காற்று எட்டும் கடலூர் மாவட்டத்தில் இது சிறிய நன்மை அன்று. உரசினாலும் தகடுபோல் நசுங்காது. ஆனால் அடிபட்டால் சிலந்தி வலைபோல் மெல்லிய விரிசல்கள் ஓடும். சாதாரண டிங்கரிங் பட்டறையில் அதன்மேல் பட்டி பூசி வண்ணம் அடித்துத் தருவார்கள். ஆறு மாதத்தில் அதே விரிசல் மீண்டும் முகம் காட்டும். பழுதை உரிய முறையில் பார்க்க வேண்டுமானால், விரிசலை அடிவரை தேய்த்தெடுத்து, உட்புறமிருந்து கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்து உலரவிட வேண்டும். இந்தக் கலையை நன்கறிந்தவர்கள் கார் பட்டறையில் இல்லை. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டைக் கரையிலும் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர்களே அவர்கள். படகு செய்யும் கையில் காரை ஒப்படைக்கத் தயங்கவேண்டாம், பொருள் ஒன்றே. வண்ணப்பூச்சை மட்டும் கார் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

உடல் துருப்பிடிக்காது என்று மகிழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஃபைபருக்கு அடியில் பாரம் தாங்கும் சட்டம் இரும்புதான். மேலே பளபளப்பு இருக்க, கீழே அது அரித்துக்கொண்டிருக்கும். ஆகையால் வண்டியைக் குழிமேல் நிறுத்தியோ லிஃப்டில் ஏற்றியோ, சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்காமல் பேரம் பேசக்கூடாது.

அடுத்து வெயிலும் மழையும். கோடையில் நெய்வேலியின் வெயில் எத்தகையது என்பதை அங்குள்ளோர் அறிவர். துணிக் கூரையின் தையல் வெளுத்து இற்றுப்போக இரண்டு கோடைகள் போதும். பின் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கூரையின் ஓரத்து ரப்பர் கெட்டிருந்தால் நீர் இருக்கைக்கடியில் தேங்கி, மின்கம்பிகளின் இணைப்புகளைக் கெடுக்கும். குவார்ட்டர்ஸ் வாசலில் மரநிழலில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் எழுதியிருக்கிறார். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கரையேறியபோது அம்மாவட்டத்து மரங்கள் எவ்வாறு சாய்ந்தன என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். காரின் பெயரே புயல். ஊருக்கு இன்னொன்று வேண்டியதில்லை. இதற்குக் கூரையும் கதவும் உள்ள கொட்டகை வேண்டும். அத்தா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் அல்லவா? வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ வாடகைக்குப் போகும் வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்குமா என்பது, வண்டியின் விலையைவிடப் பெரிய கேள்வி.

நகரியத்தின் அகன்ற நேர்ச்சாலைகள் இவ்வண்டிக்கென்றே போட்டவை போல இருக்கும். ஆனால் ஆர்ச் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்தால் நிலைமை மாறும். தாழ்வான வண்டிக்கு நம் வேகத்தடைகள் பகை. அளவுக்கு மீறி உயர்த்திக் கட்டப்பட்டவை அடிவயிற்றைக் கிழித்துவிடும். லாரி ஓட்டுநரின் பார்வைக்கு இவ்வளவு தாழ்ந்த கார் தட்டுப்படுவதும் அரிது. பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநருக்குக் காற்றுப்பை நம் நாட்டில் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். இது 1998-இன் கார். தலைக்குமேல் துணி மட்டுமே. உருண்டால் காப்பது எதுவுமில்லை. நகரியத்துக்குள் மாலை உலாவுக்குச் சரி. பேருந்துகளும் லாரிகளும் விரையும் சாலையில் இரவுப் பயணத்துக்கு ஆகாது.

பெட்ரோல் விஷயமும் உண்டு. இன்று பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அக்கலவையை எண்ணிச் செய்யப்படாத பழைய வண்டிகளின் எரிபொருள் ஹோஸ்களும் ரப்பர் வளையங்களும் நாளடைவில் இளகியோ வெடித்தோ போகக்கூடும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் தொட்டியில் ஈரம் சேரும். வாங்கிய வாரத்திலேயே எல்லா ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நெருப்புக்கு அஞ்சுபவர் செய்யவேண்டிய வேலை.

இனி அரசாங்க ஏடுகள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் எஃப்.சி. பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் அதுவும் இரட்டிப்பானது. கர்நாடகப் பதிவு வண்டியாதலால் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, இங்கே ஆயுள் வரி கட்டி, புதிய எண் வாங்க வேண்டும். பழைமை வாய்ந்த வண்டி என்னும் தனிச்சலுகை கிடைக்குமோ என்றால், 2021 விதிகளின்படி அதற்கு 50 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். ஸ்டார்முக்கு அந்த மரியாதை 2048-க்கு முன் இல்லை.

காப்பீட்டிலும் ஒரு முடிச்சு. மூன்றாம் நபர் காப்பீடு சிக்கலின்றிக் கிடைக்கும். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில், ஐந்தாண்டு கடந்த வண்டிக்கும் உற்பத்தி நின்ற வண்டிக்கும் மதிப்பு என்ன என்பது நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்வது. பேச்சில் வல்லவர் நிறுவனமே என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது அம்மையாரின் கேள்வி.

பழைய கார் என்பதால் வரும் குறைகளைப் பணமும் பொறுமையும் கொண்டு ஓரளவு தீர்க்கலாம். இரண்டே இருக்கை என்னும் குறையை எந்தப் பட்டறையும் தீர்க்காது. பண்ருட்டியில் ஒரு நிக்காஹ் என்றால் அத்தா, அம்மா, தங்கை, இவர் ஆக நால்வர். இருவர் காரில் போக, மற்ற இருவர் பேருந்துக்கு நிற்பார்கள். நள்ளிரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றிப் புதுவை ஜிப்மருக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைக்கவும் இடமில்லை, தாங்கிப்பிடித்து உடன்வர ஒருவருக்கும் இடமில்லை. அத்தா ஓய்வு பெற்றபின் இருவரையும் சேர்த்து அழைத்துச் செல்லவேண்டிய நாட்கள் கூடுமேயன்றிக் குறையா. ஆகவே வீட்டின் முதல் வாகனமாக இதை வாங்கக்கூடாது என்பது என் முடிவு. அதே தொகைக்கு ஐந்து பேர் அமரும் பழைய ஆல்ட்டோவோ வேகன்-ஆரோ கிடைக்கும். அதன் உறுப்புகள் நெய்வேலியிலேயே கிடைக்கும்.

அதற்காக அந்தத் தம்பியின் ஆசையை வீணாசை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. முதலில் குடும்பத்துக்கொரு கார். பின் கையிருப்பும் கொட்டகையும் அமைந்தால் இது. இரண்டாவது வண்டியாக வரும்போது அதன் குறையே ஒருவகையில் நிறையாகும். பெரிய காரில் நால்வரும் நான்கு பக்கம் பேசிக்கொண்டு போவார்கள். அல்லது நான்கு கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இருவர் வண்டியில் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசாமல் இருக்க முடியாது. முப்பதாண்டுக் காலம் ஷிஃப்டு மாறி மாறி வேலைக்குப் போய்வந்த அத்தாவோடு மகன் தனித்துப் பேசிய நேரம் எவ்வளவு இருக்கும்? அம்மையாருக்கும் விடை இதுவே: மற்றவர்களை வீட்டில் விட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் நீங்கள் மட்டும் உட்காரலாம். முந்தானையை மட்டும் காற்றுக்குக் கொடாமல் இறுகச் செருகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் படித்தபின்னும் பெங்களூருக்குப் போய் அந்த வண்டியைப் பார்க்கத்தான் போகிறார் என்றால், முன்பணம் கொடுக்குமுன் சிலவற்றைச் செய்யட்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். உறுப்பு கிடைக்காமல் வேறு காரின் எஞ்சினை மாட்டிவிட்டு, பதிவில் ஏற்றாமல் விற்பது இத்தகைய வண்டிகளில் நடக்கக்கூடியது. அப்படி வாங்கினால் எஃப்.சி.-யில் நிற்பீர்கள். எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து முடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் காலை மீண்டும் போங்கள். கூரையை உங்கள் கையாலேயே மடித்து, மீண்டும் மூடி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல். விளக்கு, கதவுப்பிடி போன்றவை எந்தக் காரினுடையவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு நிறுவனங்கள் இவற்றைத் தாமே வார்க்காமல், பிற கார்களுடையதை வாங்கிப் பொருத்துவது உலக வழக்கம். அப்படிப்பட்டவை எளிதில் கிடைக்கும்.

வாங்கிவிட்டால் அன்றே ஓட்டிக்கொண்டு புறப்படாமல், லாரியில் ஏற்றி வரச் செய்யுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியின் டயரில் பட்டன் ஆழமாக இருக்கும். ரப்பர் மட்டும் காய்ந்து கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டு தயாரித்த வாரம், கடைசி இரண்டு ஆண்டு. அந்த ஆண்டு மிகப் பழையதாக இருந்தால், நான்கு புதிய டயர்களின் விலையைப் பேரத்திலேயே கழித்துவிடச் சொல்லுங்கள்.